சங்கு ஊதிய பிறகு வந்தவன்

இலங்கை மலைநாட்டில் வெயிலே கிடையாது என்று என்னிடம் சொன்ன ஆள் திருச்சி பாலக்கரையில் சைக்கிள் கடை வைத்திருக்கிறான். ஊர் திரும்பியதும் முதல் வேலையாக அவன் கடைக்குப் போய்ச் சட்டையைக் கழற்றி முதுகைக் காட்டினேன். தோல் உரிந்து வெங்காயச் சருகு மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. "ஸ்வெட்டர் எடுத்துக்கொண்டு போ" என்றவனும் அவன்தான். எடுத்துப் போனேன். தலையணையாகப் பயன்பட்டது.

நான் லாரிப் பட்டறை மேஸ்திரி. எழுத்து என் தொழில் இல்லை. ஆனால் இந்தப் பயணத்தைப் பற்றிக் கேட்கிற ஒவ்வொருவனுக்கும் வாய் வலிக்கச் சொல்லி, ஒவ்வொருவனும் கடைசியில் "அப்போ தோத்துட்டியா?" என்று கேட்டு, எனக்குக் கோபம் வந்து வந்து அலுத்துவிட்டது. அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன். ஆமாம், தோற்றேன். மீதியையும் படித்துவிட்டுப் பேசுங்கள்.

என் அக்கா செல்லம்மாள் கல்யாணமாகிப் போனது ராகலைக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு. அவள் மகள் ராணிக்கு இன்னும் காது குத்தவில்லை. தாய்மாமன் மடியில் உட்காராமல் குத்த மாட்டேன் என்று அக்கா பிடிவாதமாக இருந்தாள். அந்தத் தாய்மாமன் நான். பங்குனித் திருவிழாவுக்கு வந்தே ஆக வேண்டும் என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பினாள். சீர்ச் சாமான்களைக் கட்டிக்கொண்டு கிளம்பினேன்.

கப்பலை விட்டு இறங்கியதும் ஓர் அதிகாரி நான் எப்போது திரும்பிப் போவேன் என்று கேட்டான். சொன்னேன். என் மூட்டையைப் பிரித்துப் பார்த்துவிட்டு மறுபடியும் அதையே கேட்டான். முத்திரை குத்தும்போது மூன்றாம் தடவை கேட்டான். "எங்க ஊர்ல எனக்கு வேலை இருக்குய்யா, இங்கே எதுக்கு இருக்கப் போறேன்?" என்று சத்தம் போட்டேன். பின்னால் நின்றவர்கள் என் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். என் அக்கா அங்கே இத்தனை வருஷமாகக் கொழுந்து பறிக்கிறாள். அவள் பறிப்பதை விற்றுத்தான் அந்த நாடு சாப்பிடுகிறது. அவள் தம்பி பத்து நாள் வந்து போவதில் இவனுக்கு என்ன குறைந்துவிடும்?

ரயிலில் இறால் வடை விற்றார்கள். பருப்பு வடை மேல் ஒரு முழு இறால், மீசையோடு உட்கார்ந்திருந்தது. முதலில் முகம் சுளித்தேன். நாலு வாங்கித் தின்றேன். வண்டி மலை ஏற ஏற ஜன்னலில் தேயிலையைத் தவிர வேறெதுவும் இல்லை. எதிரே உட்கார்ந்திருந்தவர் "அழகா இருக்குல்ல?" என்றார். அழகுதான். ஒவ்வொரு செடியையும் யாரோ இடுப்புயரத்துக்கு வெட்டி வைத்திருக்கிறார்களே, அது யார் என்று யோசித்தால் அழகு கொஞ்சம் குறையும்.

நுவரெலியாவிலிருந்து ராகலைக்குப் பஸ். பாதி வழியில் ரேடியேட்டரிலிருந்து ஆவி கிளம்பி பஸ் நின்றது. டிரைவர் மூடியைத் திறந்து பார்த்து, உள்ளே எதையோ தொலைத்தவர் போல் நின்றார். கண்டக்டர் சுமணபால சிங்களவர். தமிழ் கொஞ்சம் பேசுவார். "எல்லாரும் எறங்குறது, நடக்குறது" என்றார். எனக்கு ஆத்திரம். இறங்கிப் பார்த்தேன். குழாயில் மயிரிழை ஓட்டை. சீர் மூட்டையைப் பிரித்து மஞ்சள் தூள் பொட்டலத்தை எடுத்தேன். இரண்டு கை அள்ளி ரேடியேட்டரில் போட்டுத் தண்ணீர் ஊற்றி, இஞ்சினை ஓட விடச் சொன்னேன். மஞ்சள் ஊறி ஓட்டை அடைபட்டது. எங்கள் பட்டறையில் கற்றுக்கொள்ள வருகிறவனுக்கும் இது தெரியும். ஆனால் பஸ்ஸில் எல்லாரும் கை தட்டினார்கள். சுமணபால என்னை முன் சீட்டில் உட்கார வைத்து, டிக்கெட் வாங்க மாட்டேன் என்று அடம் பிடித்தார். "ஒங்க பேரு மஞ்ச மேஸ்திரி" என்றார். அந்தப் பெயர் ராகலை கடைவீதியில் எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டது.

அக்கா சீர் மூட்டையைப் பிரித்துப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி: "மஞ்சத் தூளு எங்கடா?"

"பஸ்ஸுக்குப் போட்டேன்."

"காது குத்துறதுக்குக் கொண்டாந்த சீர் மஞ்சளையா? பஸ்ஸுக்கு என்ன சடங்கு?" என்று கத்தினாள். பிறகுதான் கட்டிக்கொண்டு அழுதாள்.

அக்கா குடியிருப்பது லயத்தில். நீளமாக ஒரே கூரை, வரிசையாக அறைகள். அறையைக் காம்பரா என்கிறார்கள். ஒரு காம்பராவில் ஒரு குடும்பம். சமைப்பது, படுப்பது, பெறுவது, சாவது எல்லாம் அதற்குள். எங்கள் பட்டறையில் ஒரு லாரியை நிறுத்த இதைவிட அதிக இடம் விடுவோம். சுவர் முழுக்கப் புகைக்கரி. ஆனால் வாசலை அக்கா சாணம் போட்டு மெழுகி, கோலம் போட்டு வைத்திருந்தாள். காலை வைக்கவே கூச்சமாக இருந்தது.

சாப்பாடு ரொட்டி. கோதுமை மாவைக் கனமாகத் தட்டிச் சுட்டது. கூட, மிளகாயும் வெங்காயமும் வைத்து இடித்த சம்பல். ஒரு ரொட்டி தின்றால் சாயங்காலம் வரை வயிறு பேசாது. குடிக்க, பால் இல்லாத தேத்தண்ணி. சீனியை டம்ளரில் போடுவதில்லை. உள்ளங்கையில் கொட்டிக்கொண்டு, ஒரு நக்கு, ஒரு வாய். இத்தனை தேயிலை விளைகிற இடத்தில் நல்ல தூள் எங்கே என்று கேட்டேன். அக்கா வீட்டுக்காரர் முத்துசாமி மாமா சிரித்தார். "நல்லதெல்லாம் கப்பலேறிப் போயிருது மாப்புள. கூட்டி அள்ளுனது எங்களுக்கு."

மாமா நல்ல மனிதர். கவ்வாத்து வெட்டும்போது, அதாவது செடிகளைக் கத்தியால் மட்டமாக வெட்டும் வேலையில், கத்தி தவறிக் கணுக்காலில் இறங்கிவிட்டது. அன்றிலிருந்து இழுத்து நடக்கிறார். அந்தக் கால்தான் இந்தக் கதைக்குக் காரணம்.

அந்தத் தோட்டத்து மாரியம்மன் கோயில் ஒரு மேட்டில், தொழிற்சாலைக்குப் பக்கத்தில் இருக்கிறது. முற்றம் சின்னது. திருவிழாவன்று எல்லா வீட்டுக்காரர்களும் அங்கே பொங்கல் பானை வைப்பார்கள். முன் வரிசையில் வைத்தால் அம்மன் முகம் தெரியும், ஆலமர நிழலும் உண்டு. பின் வரிசை கான் ஓரம், அதாவது சாக்கடை ஓரம், வெட்ட வெயில். முன்பு பெரிய கங்காணி வீட்டுப் பானைதான் முன்னால் இருக்குமாம். தொழிற்சங்கம் வந்த பிறகு எல்லாரும் சமம் என்றாகிவிட்டது. சமம் என்றால் யார் முன்னால்? அதற்கு அடிதடி. மண்டை உடைந்த பிறகு கோயில் தலைவர் சுப்பையா ஒரு வழி கண்டுபிடித்தார். வீட்டுக்கு ஒருவர் ராகலை கடைவீதியிலிருந்து கோயிலுக்கு ஓடி வர வேண்டும். தொழிற்சாலையில் மத்தியானச் சங்கு ஊதுவதற்குள் வந்தால் அந்த வீட்டுப் பானை முன்னால். சங்கு ஊதிய பிறகு வந்தால் பின்னால். யார் முதல், யார் இரண்டாவது என்பதெல்லாம் கிடையாது. சங்குதான் கணக்கு.

அக்கா பானை எப்போதும் கான் ஓரம்தான். மாமாவால் ஓட முடியாது, பிள்ளைகள் சிறுசுகள்.

நான் போய் இறங்கிய அன்றே பக்கத்துக் காம்பரா மீனாட்சி வாசலில் நின்றுகொண்டு, என்னைத் தலை முதல் கால் வரை பார்த்தாள். "செல்லம்மா அக்கா, இந்த வருசமும் கான் ஓரந்தானே? எடத்தக் கூட்டி வச்சிரவா?" என்றாள். அவள் மகன் காளிமுத்து வருஷா வருஷம் சங்குக்கு வெகு நேரம் முன்பே வந்து நிற்கிறவன்.

அக்கா துடைப்பத்தை எடுத்துச் சுத்தமாக இருந்த வாசலை மறுபடி கூட்டினாள்.

எனக்குச் சுருக்கென்றது. நான் ஓடுகிறவன். பட்டறையில் கையெல்லாம் கிரீஸ், காலாவது சுத்தமாக இருக்கட்டும் என்று விடியற்காலையில் காவிரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கம் வரை ஓடித் திரும்புகிறவன். சித்திரை வெயிலில் பந்தயம் ஓடியிருக்கிறேன். மலை வெயில் ஒரு வெயிலா? "இந்த வருஷம் எங்க பானை முன்னாலதாம்மா, உம்ம பானைக்குப் பக்கத்துல இடம் வையும்" என்று மீனாட்சியிடம் சொல்லிவிட்டேன். லயம் முழுக்க அன்று சாயங்காலத்துக்குள் அது பரவிவிட்டது.

மறுநாள் மாமா தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "மாப்புள, கடைவீதியத் தாண்டுனதும் குறுக்குல எறங்கிருங்க. நான் எடத்தக் காட்டுறேன்."

குறுக்கு என்றால் தேயிலைச் செடிகளுக்கு நடுவே நேராக இறங்கும் ஒற்றையடிப் பாதை. ரோடு மலையைச் சுற்றிச் சுற்றி வரும். குறுக்கு நட்டுக்குத்தலாக வரும். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஏன் மாமா, பாதி வழியை வெட்டிக்கிட்டு வந்து ஜெயிச்சேன்னு சொல்லவா? ஓட்டம்னா ரோட்டுல ஓடணும்."

"ரோடு தொரை காருக்குப் போட்டது மாப்புள. நம்ம ஆளுக யாரு அதுல நடக்குறாங்க?"

"நான் ஓடிக் காட்டுறேன்."

மாமா தலையாட்டினார். "சரி. தண்ணியாச்சும் நல்லா குடிச்சிட்டுப் போங்க" என்றார். நல்ல மனிதர் என்று சொன்னேன் அல்லவா.

திருவிழா அன்று கடைவீதியில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றோம். ஜவுளிக்கடை நானா எல்லாருக்கும் எலுமிச்சைத் தண்ணீர் கொடுத்தார். அவர் முஸ்லிம். இந்த ஓட்டத்துக்கு விசில் ஊதுவது அவர்தான். எந்த வீட்டுப் பானையும் அவருடையது இல்லை என்பதால் தலைவர் அவரைப் போட்டிருந்தார். இதைவிட நல்ல யோசனை எங்கள் ஊர் நகரசபையில்கூட யாருக்கும் வராது.

"மஞ்ச மேஸ்திரி, ரோட்டாலயா போறீங்க?" என்றார் நானா.

"ஆமா."

"அல்லா காப்பாத்தட்டும்" என்று சொல்லிவிட்டு விசில் ஊதினார்.

நான் நாலு எட்டு ஓடினேன். பக்கத்தில் காலடிச் சத்தமே இல்லை. திரும்பிப் பார்த்தேன். ரோடு காலி. அத்தனை பேரும் கரையைத் தாண்டித் தேயிலைக்குள் குதித்து மறைந்துவிட்டார்கள். ரோட்டில் நானும் ஒரு சொறிநாயும் மட்டும். சோம்பேறிகள் ரெண்டு பேர்தான் குறுக்கில் போவார்கள் என்று நினைத்திருந்தேன். ஒருவன்கூட ரோட்டில் இல்லை.

முதல் வளைவு திரும்பியபோது கீழே பார்த்தேன். தேயிலைக்கு மேல் தலைகள் மட்டும் குலுங்கிக் குலுங்கிப் போய்க்கொண்டிருந்தன. அதில் ஒன்று காளிமுத்து. எனக்கு இரண்டு வளைவு கீழே. கையை ஆட்டினான்.

அப்போதே இறங்கியிருக்கலாம். அக்கா பானையை நினைத்தால் இறங்கத்தான் வேண்டும். கரை ஓரம் வரை போய் எட்டிக்கூடப் பார்த்தேன். பாதை எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை, பச்சைதான் தெரிந்தது. என் மூச்சு நன்றாக இருந்தது, கால் லேசாக இருந்தது. ரோட்டிலேயே பிடித்துவிடலாம் என்று நம்பினேன். ஓடினேன்.

மலை வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். திருச்சி வெயில் மேலே விழுந்து அமுக்கும். தெரியும், தயாராக இருக்கலாம். மலை வெயில் அப்படி இல்லை. காற்று குளிர்ச்சியாகத் தடவிக்கொண்டே இருக்கும், வேர்வை வந்தது தெரியாது. நல்ல இடம் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே தோல் வெந்துவிடும். மூச்சு இழுத்தால் நெஞ்சுக்குள் பாதிதான் வருகிறது. போதாதற்கு, கீழ்ப்பகுதி முழுக்கக் கவ்வாத்து வெட்டிய மலை. இலை இல்லை, வெறும் குச்சி. நிழல் மரங்களின் கிளைகளையும் வெட்டிவிட்டிருந்தார்கள். கல்லும் மண்ணும் அடுப்பு மாதிரி ஊதின. கண்ணுக்குள் உப்பு இறங்கியது.

ஒரு வளைவில் சிங்களத்து அம்மாள் ஒருத்தி கரட்டும், வெங்காயத்தாள் மாதிரி இருக்கிற லீக்ஸும் குவித்து வைத்து விற்றுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று கையை நீட்டி ஏதோ கேட்டாள். எனக்குப் புரியவில்லை. அந்த நேரம் பின்னாலிருந்து பஸ் வந்தது. சுமணபால படியில் தொங்கிக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் அவரிடம் கத்த, அவர் சிரித்துக்கொண்டே எனக்குச் சொன்னார்: "இந்த அம்மே கேக்குறாங்க, ஒங்கள யாரு வெரட்டுறது? போலீசுக்குச் சொல்லணுமா?"

பஸ் முழுக்கச் சிரிப்பு.

"மஞ்ச மேஸ்திரி! ஏறுறது! டிக்கட் வேணாம்! கோயில் கிட்ட எறக்கி உடுறேன், யாரும் பாக்க மாட்டாங்க!"

"போய்யா!" என்று கத்தினேன். கத்துவதற்கு இருந்த மூச்சும் போய்விட்டது. பஸ் கொஞ்ச தூரம் என் கூடவே மெதுவாக வந்தது. டிரைவர் ஹார்ன் அடித்தார். கேலி என்று நினைத்தேன். அப்புறம் பார்த்தால் முன்னால் ரோட்டில் படுத்துக் கிடந்த மாடுகளை எனக்காக எழுப்பிக்கொண்டிருந்தார்.

ரோடு அடிவாரத்தில் ஓடையைத் தாண்டி, தொழிற்சாலை மேட்டுக்கு மறுபடி ஏறுகிறது. பாலத்தில் கால் வைத்தபோது வலது குதிகாலில் தோல் கிழிந்தது. மேலே கோயில் தெரிந்தது, புகை தெரிந்தது. தப்பு அடிக்கிற சத்தம் கேட்டது. ஏறினேன். முதல் வளைவு. இரண்டாவது வளைவு. வாயில் எச்சில் இல்லை. நடந்தால் என்ன என்று கால் கேட்டது. முடியாது என்றேன். வாய் விட்டே சொன்னேன்.

அப்போது சங்கு ஊதியது.

தொழிற்சாலைச் சங்கு ஒரு மலையில் ஊதினால் நாலு மலையில் கேட்கும். அதைத் தவறவிட்டேன் என்று எவனும் சாக்குச் சொல்ல முடியாது. அது ஊதி முடிகிற வரை ஓடினேன். முடிந்த பிறகும் ஓடினேன். இனி ஓடி என்ன என்று தெரியும். இருந்தும் நிற்கவில்லை. கடைசி வளைவில் லயத்து ஜனங்கள் ரோட்டோரம் வந்து நின்றிருந்தார்கள். எல்லாரும் என்னையே பார்த்தார்கள். சிரிப்பார்கள் என்று தலையைக் குனிந்துகொண்டேன். ஒரு கிழவர் மட்டும் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது காதில் விழுந்தது: "கடைவீதியிலேர்ந்து ரோட்டாலயே வாறாரா? முழுசாவா? இங்கன எவன்டா அப்புடி வந்தான்?"

முற்றத்தில் போய் விழுந்தேன். மாமா ஒரு குடம் தண்ணீரைத் தலையில் ஊற்றினார். கண்ணைத் திறந்தபோது அக்கா பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். முன் வரிசையில் எல்லாப் பானையும் வைத்தாகிவிட்டது. மீனாட்சி பானைக்குப் பக்கத்தில் மூன்று கல் மட்டும் காலியாக இருந்தது. நான் வைக்கச் சொன்ன இடம். அவள் உண்மையிலேயே வைத்திருந்தாள்.

தலைவர் சுப்பையா வந்தார். "செல்லம்மா, ஒன் தம்பி ரோடு முழுக்க ஓடி வந்திருக்காரு. இந்தியாவுலேர்ந்து வந்த விருந்தாளி வேற. பரவாயில்ல, இந்த வருசம் முன்னால வையி" என்றார்.

நான் எழுந்து உட்கார்ந்தேன். உண்மையைச் சொல்கிறேன், சரி என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன்.

அக்கா முந்திக்கொண்டாள். "வேணாங்க தலைவரே. சங்கு ஊதுனப்புறம் வந்தவங்கள இத்தன வருசமா பின்னாலதானே வச்சீங்க? என் தம்பிக்கு மட்டும் வேற சங்கா ஊதுது?"

"அதுக்கில்லம்மா..."

"எனக்கு எடம் குடுத்தா, நாளைக்கு இன்னொருத்தன் கேப்பான். அப்புறம் திரும்ப மண்டைய ஒடச்சிக்குவீங்க. நாம பின்னால நின்னாலும் அம்மனுக்குக் கண்ணு தெரியும்."

மீனாட்சி முந்தானையைப் பிசைந்துகொண்டு வந்தாள். "அக்கா, நான் வேணும்னா என் பானையத் தள்ளி வச்சி..."

"ஒன் மகன் ஓடி வந்தது ஒனக்கு. அத ஏன் தள்ளுற?" என்றாள் அக்கா. பானையோடு கான் ஓரத்துக்கு நடந்தாள். முதுகு நேராக இருந்தது. கூடை சுமந்து சுமந்து எல்லாருக்கும் வளைகிற முதுகு.

பெரிய அதிகாரிகள் வண்டிக்குப் பட்டறையில் வரிசை தாண்டி இடம் கேட்டு வருவார்கள். பெரிய மனிதர்கள் சிபாரிசு கேட்டு நிற்பதையும் பார்த்திருக்கிறேன். அந்த நாட்டில் ஓட்டுகூட இல்லாத என் அக்கா, கொடுத்த சலுகையை வேண்டாம் என்று சொன்னாள். அந்த இடத்தில் எனக்குக் கால்வலி போய்விட்டது என்று சொன்னால் பொய். வலித்தது. ஆனால் நொண்டிக்கொண்டு போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து அடுப்பு ஊதினேன். மாமா குடை பிடித்தார், பானைக்கு இல்லை, எனக்கு. "தலைல வெயிலு, வயித்துல கோவம், மாப்புள பொங்கிருவாருடி" என்றார். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

மறுநாள் காது குத்தினார்கள். ராணி என் மடியில் உட்கார்ந்தாள். ஆசாரி குத்தியபோது ஒரு சத்தமும் இல்லை. அவள் குதிகாலால் என் கிழிந்த காலில் உதைத்ததில் நான்தான் கத்தினேன். "குத்துனது யாருக்கு?" என்று ஆசாரி கேட்டார். மஞ்சள் தூளை மீனாட்சி வீட்டிலிருந்து வாங்கிக்கொண்டார்கள்.

அதற்கு மறுநாள் வேலை தொடங்கியது. விடியும்போதே தப்பு அடித்துப் பெரட்டுக்கு, அதாவது வேலை பிரிக்கிற இடத்துக்கு, எல்லாரும் கிளம்பினார்கள். குறுக்கைப் பார்க்கிறேன் என்று அக்கா பின்னால் போனேன். அவள் தலையில் கூடை, வெறுங்கால். ஆடு மாதிரி இறங்கினாள். நான் இரண்டாவது திருப்பத்தில் வழுக்கி, உட்கார்ந்தபடியே ஒரு செடி தூரம் போனேன். செடியைப் பிடித்தால் குச்சி கையைக் கிழித்தது. கல் இடறியது, அட்டை ஏறியது. பெண்கள் நின்று நின்று எனக்காகக் காத்திருந்தார்கள்.

"என்னா மேஸ்திரி, ரோடு போட்டுத் தரட்டுமா?" என்றாள் ஒருத்தி.

ஏமாற்று வழி என்று நான் சொன்னது இதைத்தான். ரோடு நீளம், ஆனால் கார் ஏறுகிற மாதிரி சாய்வாக அறுத்துப் போட்டது. இது நட்டுக்குத்தல். நான் சுலபமான வழியில் வந்துவிட்டு நேர்மை பேசியிருக்கிறேன். எனக்கு என் மேலேயே கோபம் வந்தது. கோபம் வந்தால் நான் சும்மா இருப்பவன் இல்லை.

ஊருக்குக் கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது, காலில் துணி சுற்றிக்கொண்டு, சுமணபால பஸ்ஸில் கடைவீதிக்கு ஏறிப் போனேன். ஜவுளிக்கடை நானாவிடம் விசிலை எடுக்கச் சொன்னேன்.

"இன்னைக்கு என்ன ஓட்டம்? யாரோட?"

"சங்கோட."

அவர் கடையில் புடவை பார்த்துக்கொண்டிருந்த பெண்களை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்கு வந்து விசில் ஊதினார். கரையைத் தாண்டிக் குதித்தேன்.

விழுந்தேன். எழுந்தேன். மறுபடி விழுந்தேன். வேட்டி கிழிந்தது. ஓடைக் கல்லில் வழுக்கி இடுப்பு வரை நனைந்தேன். வெயில் அன்றைக்கும் அதே வெயில். மேட்டில் ஏறும்போது, கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் என்னைப் பார்த்துவிட்டார்கள். ஒருத்தி கத்த, நிரை நிரையாகச் சத்தம் பரவியது. அக்கா நிரையிலிருந்து தலையைத் தூக்கினாள். "ஓடுடா! இன்னுங் கொஞ்சந்தான்டா! கால எட்டிப் போடு!" என்று அவள் போட்ட சத்தத்தில் கங்காணி திரும்பிப் பார்த்தார். அவள் நிறுத்தவில்லை.

கோயில் ஆலமரம் தெரிந்தது. அதன் வேர்கூடத் தெரிந்தது.

சங்கு ஊதியது.

இந்த முறையும் பிந்திவிட்டேன். ரோட்டில் வந்ததைவிடக் கிட்டே, ஆனாலும் பிந்தித்தான். சங்கு ஊதியும் ஓடி, ஆலமர வேரைத் தொட்ட பிறகுதான் செடி ஓரத்தில் முழங்காலில் கை வைத்து நின்றேன். சங்கு ஊதினால் பெண்கள் பறித்த கொழுந்தை நிறுக்கக் கொண்டுபோக வேண்டும். கூடைகளோடு வரிசையாக என்னைத் தாண்டி இறங்கினார்கள். ஒருத்தியும் சிரிக்கவில்லை. மீனாட்சி தன் முந்தானையால் என் நெற்றி ரத்தத்தைத் துடைத்துவிட்டுப் போனாள். அக்கா வந்தாள். அவள் கூடையைக் கேட்டேன். கொடுக்க மாட்டேன் என்றாள். பிடுங்கி என் தலையில் வைத்துக்கொண்டேன். அந்தப் பாரத்தோடு அவள் தினம் எத்தனை தடவை இறங்குகிறாள் என்று கேட்கவில்லை. என் கழுத்து சொன்னது.

நிறுக்கிற இடத்தில் வரிசையில் நின்றோம். ஆம்பிளை ஒருவன், கிழிந்த வேட்டி, முகமெல்லாம் சேறு, தலையில் பெண்கள் கூடை. தராசுக்குப் பக்கத்தில் இருந்தவர் புதிதாக வந்தவர் போலிருக்கிறது. என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இது யாரும்மா?" என்றார்.

அக்கா கூடையை என் தலையிலிருந்து இறக்கிக்கொண்டே, பின்னால் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"என் தம்பிங்க. ரோட்டாலயும் வந்தான், குறுக்காலயும் வந்தான். ரெண்டுலயும் நிக்காம வந்தான்."